எந்த ஏரி, எந்தச் சனிக்கிழமை?

ஏப்ரல் நடுவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வாசல் பனி கரைந்து சேறாகிற நாளில், எங்கள் வீட்டில் வருசாவருசம் ஒரு வாக்குவாதம் தொடங்கும். மச்சான் கராஜுக்குள் கிடந்த தூண்டில் கம்புகளை எடுத்துத் துடைத்துக்கொண்டு, "அத்தான், இந்தமுறை அல்கோன்குவின் பூங்காதான்" என்பான். மனைவிக்கு மஸ்கோகாவில் ஒரு கொட்டேஜ் வேண்டும்: படியில் இறங்கினால் ஏரி, விறகு அடுப்பு, இரண்டு நாள் சும்மா இருத்தல். எனக்குக் கவார்தா ஏரிகளைத் தாண்டி மனம் போவதில்லை. மாமிக்கு வீட்டில் இருந்தாலே போதும். ஆனால் போவதென்றால் வெறுங்கையோடு திரும்பக்கூடாது.

இந்தப் பத்து வருசத்தில் எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையாவது செய்து பார்த்தாயிற்று. பிழைத்துப்போன பயணங்களை இப்போது யோசித்தால், ஏரி ஒன்றும் பிழையில்லை, போன நாள்தான் பிழை. நாங்கள் எல்லாரும் முதலில் இடத்தைத் தீர்மானித்து, பிறகு லீவு கிடைக்கிற வார இறுதியைத் தேடுகிறோம். ஒன்ராறியோ வசந்தத்துக்கு அது சரிவராது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் மூன்றாம் கிழமை வரை ஒரு சனிக்கிழமை போல அடுத்த சனிக்கிழமை இருக்காது. ஒன்றில் ஒரு மீனுக்குத் தடை நீங்கும், அடுத்ததில் ஒரு பூச்சி கிளம்பும், அதற்கடுத்ததில் மூஸ் என்கிற பெரிய மான் றோட்டோரத்துக்கு வரும், பிறகு ஆமை முட்டையிட வரும். எதைப் பார்க்க, எதைப் பிடிக்க ஆசை என்று முதலில் கேட்டுவிட்டு நாளைப் பிடித்தால் ஏரி தானாக அமையும்.

மீனுக்கும் ஒரு பஞ்சாங்கம்

மீன்பிடிக்கென்று ஒன்ராறியோ மாகாணத்தை 20 வலயங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ரைஸ் லேக், ஸ்டர்ஜன், பிஜன், பக்ஹோர்ன் முதலான கவார்தா ஏரிகள் 17ஆம் வலயம். மஸ்கோகா, ஹாலிபர்ட்டன், அல்கோன்குவின் எல்லாம் 15. கார் ஓட்டத்தில் ஒன்றரை மணித்தியாலம்தான் வித்தியாசம். சட்டத்தில் இரண்டும் வேறு வேறு.

தடைக்காலத்தின் அடி மீனின் பேறுகாலம். புத்தகத்தில் வோல்ஐ என்றும் இங்கத்தைய வாயில் பிக்கரல் என்றும் வழங்குகிற மீன், ஐஸ் உடைந்த கையோடு ஓடும் தண்ணீருக்கு வந்து, கல்லுப் படுக்கையில் இரவில் முட்டையிடும். அணைக்கட்டின் கீழே டார்ச் அடித்தால் அதன் கண் பூனைக்கண் போலத் திருப்பி ஒளிரும். அந்த நேரத்தில் தூண்டில் போட்டால் அள்ளலாம்; அதனால்தான் போடக்கூடாது. 17ஆம் வலயத்தில் மே இரண்டாம் சனிக்கிழமைதான் திறப்பு. 15ஆம் வலயத்தில் அதற்கு ஒரு கிழமை பிந்தி, விக்டோரியா டேயை ஒட்டி.

பாஸ் மீனின் கதை இன்னும் உருக்கமானது. பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். ஆண்தான் மணலில் குழி பறித்துக் கூட்டைக் காவல் காக்கும். அந்த ஆணைப் பத்து நிமிசம் தூக்கி வைத்துப் படம் எடுத்தால் போதும், சுற்றி நிற்கிற சன்ஃபிஷும் பேர்ச்சும் கூட்டைத் துடைத்துவிடும். பிடித்துத் திரும்ப விட்டாலும் குற்றமே. கவார்தாவில் பாஸுக்கு ஜூன் மூன்றாம் சனிக்கிழமை வரை பொறுக்க வேண்டும். மே மாதத்தில் பாஸ் தூண்டிலில் தானாக மாட்டினால் தண்ணீருக்குள்ளேயே கழற்றிவிட்டு இடத்தை மாற்றுங்கள்.

ட்ரவுட்டுக்கு எதிர்மாறு. அது முட்டையிடுவது இலையுதிர் காலத்தில். ஆகவே வசந்தத்தில் அதற்குப் பேறுகாலத் தொல்லை இல்லை. அல்கோன்குவினில் ஏப்ரல் கடைசியிலேயே திறந்துவிடும். திறந்தாலும் ஏரி திறக்க வேண்டுமே! பெரிய ஏரிகளில் ஐஸ் போவது ஏப்ரல் கடைசிக்கும் மே முதல் கிழமைக்கும் இடையில், சில வருசம் அதற்கும் பிந்தி.

மச்சானின் கட்சி: அல்கோன்குவின்

1893இல் அமைந்த பூங்கா. ரொறன்ரோவிலிருந்து மேற்கு வாசலுக்கு மூன்று மணித்தியால ஓட்டம். உள்ளே 60ஆம் நெடுஞ்சாலை 56 கிலோமீற்றர் போகிறது. மிச்சமெல்லாம் வள்ளத்திலோ நடந்தோ போகிற காடு. ஓவியர் டொம் தொம்சன் வசந்தம் தோறும் இங்கே வந்து, ஐஸ் உடைவதை வரைந்து, இடைநேரத்தில் ட்ரவுட் பிடித்தவர். 1917இல் கனூ லேக்கில் இறந்தார். ட்ரவுட் பைத்தியங்கள் எல்லாருக்கும் அவர் ஒரு குலதெய்வம் மாதிரி.

ஐஸ் போன முதல் இரண்டு கிழமைக்கு ஏன் இத்தனை பேர் விழுந்தடித்துப் போகிறார்கள்? தண்ணீரின் கனம் உச்சமாக இருப்பது 4 பாகையில். மேல்தண்ணீர் அந்தச் சூட்டுக்கு வந்ததும் கீழே இறங்கும், கீழ்த்தண்ணீர் மேலே வரும், ஏரி முழுவதும் ஒரு கலக்குக் கலங்கி எங்கும் ஒட்சிசன் நிரம்பும். லேக் ட்ரவுட்டுக்கு 10 பாகை வாக்கிலான குளிர்தான் சுகம். ஜூலையில் அதைத் தேடி ஆழத்துக்குள் இறங்கிவிடும் மீன், மேயின் முதல் நாட்களில் கரையோரத்தில் இரண்டு ஆள் ஆழத்தில் திரிகிறது. கரைப்பாறையில் நின்று ஒரு வெள்ளிக் கரண்டித் தூண்டிலை எறிந்தாலே எட்டும். புறூக் ட்ரவுட் இன்னும் கிட்ட வரும். மின்சாரக் கருவி, ஆழம் பார்க்கிற பெட்டி, பெரிய படகு ஒன்றும் தேவையில்லாமல் ஏழையும் ட்ரவுட் பிடிக்கக்கூடிய ஒரே காலம் இது.

ஆனால் இதற்கு விலை உண்டு. முதலாவது தண்ணீர். வெயில் எறித்தாலும் ஏரி ஐஸ் உருகிய குளிரில்தான் இருக்கும். கனூ கவிழ்ந்தால் என்னாகும் என்பதற்கு இங்கே 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்: மூச்சைச் சீராக்க 1 நிமிசம், கை கால் சொல் கேட்க 10 நிமிசம், நினைவு தப்ப 1 மணித்தியாலம். இந்த ஒரு மணித்தியாலமும் உயிர்காப்பு அங்கி போட்டவருக்குத்தான். வள்ளத்துக்குள் அங்கி கிடந்தால் போதும் என்கிறது சட்டம். மே மாதத்தில் அதை நம்ப வேண்டாம், உடம்பில் போடுங்கள். வன்னிக் குளத்தில் நீந்தி வளர்ந்தவன் நான். அந்த நீச்சல் இங்கே பத்து நிமிசத்துக்கு மேல் உதவாது என்பதை ஒருமுறை முழங்கால் வரை இறங்கி நின்றே விளங்கிக்கொண்டேன்.

இரண்டாவது இரை. அல்கோன்குவினில் உயிர்மீனை இரையாகக் கொண்டுபோகவே கூடாது. ஒரு வாளி மீன்குஞ்சைக் கொட்டினால் ஆயிரக்கணக்கான வருசம் தனியாக இருந்த ட்ரவுட் ஏரிக்குள் பேர்ச் குடியேறிவிடும். புழு கொண்டுபோகலாம். ஆனால் மிஞ்சிய புழுவைக் காட்டில் எறியாமல் வீட்டுக் குப்பைக்குக் கொண்டுவாருங்கள். எங்கள் ஊரில் மண்புழு உழவனின் நண்பன். இந்த வடக்குக் காடுகளில் அது அந்நியன். உறைபனி யுகத்துக்குப் பிறகு மண்புழு இல்லாமலே வளர்ந்த காடு. புழு நுழைந்தால் தரையில் மெத்தையாகக் கிடக்கிற சருகைத் தின்று தீர்த்துவிடும், அந்தச் சருகில் முளைக்கிற செடிகள் அழியும்.

மூன்றாவதுதான் மச்சான் ஒத்துக்கொள்ளாத விசயம். அல்கோன்குவின் போகிறோம் என்றால் பிள்ளைகள் கேட்பது ட்ரவுட் இல்லை, மூஸ். மூஸைக் காண நல்ல காலம் மே நடுவிலிருந்து ஜூன் வரை. குளிர்காலம் முழுக்க றோட்டில் கொட்டிய உப்பு, பனி உருகும்போது ஓரத்துப் பள்ளங்களில் தேங்கும். மாதக்கணக்காகச் சுள்ளியும் மரப்பட்டையும் தின்று உப்புக்கு ஏங்கிய மூஸ், விடியற்காலையிலும் பொழுது சாய்கையிலும் அந்தத் தண்ணீரைக் குடிக்க 60ஆம் நெடுஞ்சாலைக்கே வரும். காருக்குள் இருந்தபடியே பார்க்கலாம். ஆக, ட்ரவுட்டுக்கு மே முதல் கிழமை, மூஸுக்கு மே கடைசிக் கிழமை. இரண்டையும் ஒரே பயணத்தில் அடைக்கப் பார்த்தால் நடுவில் அகப்படுவது பிளாக் ஃப்ளை.

பிளாக் ஃப்ளை நுளம்பு இல்லை, இலையானும் இல்லை. எள்ளளவு உருவம், ஓடும் தண்ணீரில் பிறப்பு. நுளம்பு ஊசியால் உறிஞ்சும். இது தோலைக் கிழித்து ஊறுகிற இரத்தத்தை நக்கும். மே நடுவிலிருந்து ஜூன் நடு தாண்டும் வரை இதன் ஆட்சி. காதுக்குப் பின்னால், மயிர்க்கரையில், சட்டைக் கழுத்துக்குள் கடிக்கும். கடுநீல உடுப்பில் மொய்க்கும். வெளிர் நிறம் போட்டால் கொஞ்சம் தப்பலாம். இரவில் கடிக்காது, வீட்டுக்குள் புகுந்தாலும் கடிக்காது. அந்த மட்டில் நுளம்பைவிட நாகரிகம் தெரிந்தது.

மனைவியின் கட்சி: விக்டோரியா டேக்கு மஸ்கோகா

இதை நீட்டி எழுத எனக்குக் கை வரவில்லை. மே 25க்கு முந்திய திங்கட்கிழமை விடுமுறை. அந்த மூன்று நாளும் ரொறன்ரோவே 400ஆம் நெடுஞ்சாலையில் ஏறி வடக்கே போகும். இரண்டு மணித்தியால ஓட்டம் எங்களுக்கு நாலரை மணித்தியாலமானது. வாடகைக்கு எடுத்த கொட்டேஜில் குளிர்காலத்துக்கு மூடிவைத்த தண்ணீர்ப் பம்பை இன்னும் திறக்கவில்லை. உரிமையாளர் மறுநாள் மத்தியானம்தான் வந்தார். பிளாக் ஃப்ளை முதல் படை அன்றைக்கே கிளம்பியிருந்தது. பிள்ளைகள் கண்ணாடி யன்னலுக்குள்ளிருந்து ஏரியைப் பார்த்தார்கள்.

மஸ்கோகாவை நான் குறை சொல்லவில்லை. மஸ்கோகா, ரோசோ, ஜோசப் மூன்றும் கருங்கல் பாறைக்குள் கிடக்கிற ஆழமான, தெளிந்த ஏரிகள். அழகென்றால் அதுதான் அழகு. ஆனால் கரை அநேகமாகத் தனியாருடையது. கொட்டேஜும் இல்லை, படகும் இல்லையென்றால் தூண்டில் போட இடம் தேடியே பொழுது போய்விடும். ஆழமான ஏரி மெல்லத்தான் சூடேறும், கரையில் சின்ன மீனும் பிந்தித்தான் வரும். அங்கே காசைச் செலவழிப்பதென்றால் செப்டெம்பரில் செலவழியுங்கள். பூச்சி இராது, வாடகையும் இறங்கியிருக்கும்.

ஒன்றை மட்டும் அந்தப் பயணம் தந்தது, லூன். எங்கள் ஒரு டொலர் குற்றியில் 1987 முதல் நீந்திக்கொண்டிருக்கிற அதே பறவை. இரவு பதினொரு மணிக்கு ஏரி நடுவிலிருந்து நீளமாக ஓர் ஊளை, எதிர்க்கரையிலிருந்து இன்னொன்று. மாமி போர்வையோடு எழும்பி வந்து, "தம்பி, ஆரோ பொம்பிளை அழுகிற சத்தம் கேக்குது" என்றார். பறவை என்று சொன்னோம். நம்பவில்லை, விடியும் வரை தேவாரம் படித்தார்.

என் கட்சி: அன்னையர் தின வார இறுதியில் கவார்தா

மே இரண்டாம் சனிக்கிழமை 17ஆம் வலயத்தில் பிக்கரல் திறப்பு என்றேன். அநேகமான வருசங்களில் மறுநாள்தான் அன்னையர் தினம். அந்தச் சனியும் ஞாயிறும் ஒன்ராறியோவில் கனடா வாசிகளுக்கு லைசென்ஸ் இல்லாமல் மீன் பிடிக்க அனுமதி உண்டு. மற்ற நாட்களில் 18 வயதுக்கும் 64 வயதுக்கும் இடைப்பட்டவர்கள் அவுட்டோர்ஸ் கார்டும் லைசென்ஸும் வைத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் பெரியவர்கள் ஐந்து பேர். அதில் நானும் மச்சானும்தான் ஒழுங்காகப் பிடிக்கிறவர்கள். மற்ற மூவருக்கும் வருசத்தில் ஒருநாள் ஆசைக்காக லைசென்ஸ் எடுப்பதா என்ற கேள்வி இந்த வார இறுதியில் எழாது. ஆனால் அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும், பிடிக்கிற அளவும் குறைந்த அளவுதான்: கவார்தாவில் ஆளுக்கு ஒரு பிக்கரல், அதுவும் 35 முதல் 50 சென்ரிமீற்றருக்குள். அடிமட்டத்தை மறக்காதீர்கள்.

உண்மையைச் சொன்னால், கரையில் நின்று பிக்கரல் பிடிப்பது குதிரைக்கொம்பு. பளிங்குக் கண்ணுக்கு வெளிச்சம் ஆகாது. பொழுதுபட்டுத்தான் இரை தேடி வரும், அதுவும் ஆறு ஏரிக்குள் விழுகிற வாயில். மிதவையை நம்பாமல் ஒரு ஜிக்கை, அதாவது தலையில் குண்டு வைத்த தூண்டில் முள்ளை, அடியில் மெல்லத் தட்டித் தட்டி இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் திறப்பு நாளில் இதுவரை மாட்டியது மூன்று. ஆனாலும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. காரணம் கிராப்பி என்கிற சின்ன மீன்.

கவார்தா ஏரிகள் ஆழமற்றவை, பாசி நிறைந்தவை. கறுத்த சேற்றடி உள்ள குடாக்கள் வெயிலை உறிஞ்சி, நடு ஏரியைவிட முந்திச் சூடேறும். அந்தக் குடாவுக்குள் முதலில் பூச்சி, பூச்சிக்குப் பின்னால் சின்ன மீன், அதற்குப் பின்னால் கிராப்பி கூட்டம் கூட்டமாக வரும். வேண்டியது ஒரு சின்ன மிதவை, இரண்டடி கீழே கட்டைவிரல் நகம் அளவு ஜிக். ஏழு வயதுப் பிள்ளை போதும். மிதவை அமிழும் என்று பார்த்திருக்க வேண்டாம். கிராப்பி கீழிருந்து மேலே வந்து கவ்வும் மீன், மிதவை சரிந்து படுத்தாலும் கடி கடிதான். வாய் கடதாசி போல மெல்லியது. சுண்டி இழுத்தால் கிழிந்துவிடும், மெல்லத் தூக்குங்கள். பேர்ச்சும் சன்ஃபிஷும் இடையிடையே வரும்.

வரிக்குதிரைச் சிப்பி என்று ஓர் அந்நியச் சிப்பி வந்து இந்த ஏரிகளின் தண்ணீரை வடிகட்டித் தெளிவாக்கிவிட்டது. தெளிந்த தண்ணீருக்குள் வெயில் ஆழமாக இறங்கிப் பாசி பெருகியது. மங்கலை விரும்பும் பிக்கரலுக்கு அது கேடு, கிராப்பி சாதிக்கு வாழ்வு. பக்கத்து ஸ்கூகொக் ஏரியில் பிக்கரல் குறைந்துபோய் 2016 முதல் முழுத் தடை போட்டார்கள். ஸ்காபரோவுக்குக் கிட்ட என்று அங்கே போகிறவர்கள் இதை நினைவில் வைத்திருங்கள். கிராப்பியோடு திருப்திப்பட வேண்டும்.

நிற்க இடம் உண்டா என்பதுதான் குடும்பக்காரனின் பெரிய கேள்வி. இங்கே உண்டு. 386 கிலோமீற்றர் நீளமான ட்ரென்ட்–செவர்ன் நீர்வழி இந்த ஏரிகளைக் கோத்துக்கொண்டு போகிறது. ஃபெனலன் ஃபோல்ஸ், பொப்கேஜன், பக்ஹோர்ன் என்று ஊருக்கு ஊர் லாக் (படகை ஏற்றி இறக்கும் நீர்க்கதவு), புல்தரை, மேசை, கழிப்பறை. படகுகளுக்கு லாக் திறப்பது விக்டோரியா டே வெள்ளிக்கிழமைதான், ஆகவே அன்னையர் தினத்தில் தண்ணீர் அமைதியாக இருக்கும். லாக் கதவடியிலும் கால்வாய்ப் பாலங்களிலும் தூண்டில் போடக்கூடாது. அணைக்குக் கீழே சில இடங்கள் மீன் காப்பகம். பலகையைப் பார்த்து நில்லுங்கள்.

தடைக்காலத்தில் யாரோ பிக்கரல் பிடிப்பதைக் கண்டு, "வெள்ளைக்காரனுக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டமோ" என்று கொதித்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் கண்டது வெள்ளைக்காரர் இல்லை. ரைஸ் லேக் கரையில் ஹயவாதா, பக்ஹோர்ன் பக்கத்தில் கேர்வ் லேக் முதற்குடி மக்கள் இருக்கிறார்கள். 1923இல் போட்ட வில்லியம்ஸ் ஒப்பந்தங்கள் அவர்களின் வேட்டை, மீன்பிடி உரிமையைப் பறித்தன. நீண்ட வழக்குக்குப் பிறகு 2018இல்தான் அந்த உரிமை திரும்ப ஏற்கப்பட்டது. காணி பறிபோன கதை தெரிந்த எங்கள் சனத்துக்கு இதை விளங்கப்படுத்த அதிக நேரம் பிடிக்கக்கூடாது.

மிருகங்கள்? மூஸ் கிடையாது. அந்த ஒரு புள்ளியில் கவார்தா தோற்கிறது. ஆனால் மீன் பிடிக்க நிற்கிற இடத்திலேயே இவ்வளவு உயிர் நடமாடுகிற இடம் அல்கோன்குவினிலும் இல்லை என்பது என் எண்ணம். விளக்குக்கம்பத்தின் உச்சியில் சுள்ளிக்கட்டு போலக் கூடு கட்டியிருக்கும் ஓஸ்ப்ரே என்கிற மீன்பிடிப் பருந்து, உங்கள் மிதவையிலிருந்து இருபது அடியில் காலை நீட்டிக்கொண்டு விழுந்து, நீங்கள் ஒரு மணித்தியாலமாகத் தேடிய மீனைத் தூக்கிக்கொண்டு போகும். நாணல் ஓரத்தில் நீலக்கொக்கு அசையாமல் நிற்கும். வெயில் வந்தால் கட்டை முழுக்க ஆமைகள் வரிசையாகக் காயும். இருட்டினால் விரல்நுனி அளவுத் தவளைகள் ஆயிரமாகச் சேர்ந்து சலங்கை குலுக்கும். காட்டுத் தரையில் ட்ரில்லியம், 1937 முதல் ஒன்ராறியோவின் மலர், மூன்று வெள்ளை இதழோடு விரியத் தொடங்கியிருக்கும். பிளாக் ஃப்ளை இன்னும் வந்திராது. கவார்தாவின் தென்பாதியில் பிறகும் அவ்வளவாக இல்லை. அதற்குப் பதிலாக உண்ணி உண்டு, லைம் நோய் பரப்புகிற கறுத்தக்கால் உண்ணி. காற்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் மயிர்க்கரை, அக்குள், முழங்கால் மடிப்பு எல்லாம் பாருங்கள்.

குறைகளும் சொல்லவேண்டும். மே இரண்டாம் கிழமை குளிரும். வெயிலோடு போய் மழையோடும் ஆலங்கட்டியோடும் திரும்பிய வருசமும் உண்டு. குளிக்க முடியாது. திறப்பு நாள் காலையில் நல்ல இடமெல்லாம் ஐந்து மணிக்கே நிறைந்துவிடும். கிராப்பிக்காரர்களுக்கு அது பிரச்சினையில்லை, பத்து மணிக்குச் சூடேறிய பிறகுதான் குடா விழிக்கும்.

ஜூன் வரை பொறுத்தால்

ஜூன் மூன்றாம் சனிக்கிழமை பாஸ் திறப்பு. அநேகமான வருசங்களில் அடுத்த நாள் தந்தையர் தினம். தந்தையர் தின வார இறுதியும் லைசென்ஸ் தேவையில்லை. தண்ணீரில் இறங்கலாம், தூண்டிலில் பாஸ் துள்ளுகிற துள்ளலுக்கு வேறெந்த மீனும் ஈடில்லை. நுளம்பு இருக்கும், சனமும் இருக்கும். வசந்தம் முடிந்துவிட்டது என்பதைத் தவிர எனக்கு இதில் குறையில்லை. சொந்தப் படகு இருப்பவர்களுக்கு இதுதான் சரி என்பேன்.

மே கடைசியிலும் ஜூனிலும் எந்த ஏரிக்குப் போனாலும் காரை மெல்ல ஓட்டுங்கள். ஸ்னாப்பிங் ஆமை முட்டையிட றோட்டோரச் சரளைக்கு ஏறும் காலம். முதல் முட்டையிடவே அதற்கு 15, 20 வயதாகும். அப்படியொரு தாய் ஒரு டயருக்குக் கீழே போனால் அந்த ஏரிக்கு ஈடு செய்ய வழியில்லை. கடக்க உதவுவதென்றால் அது போய்க்கொண்டிருந்த திசைக்கே கொண்டுபோய் விடுங்கள், திருப்பிவிட்டால் மறுபடி வரும். வாலில் தூக்கக்கூடாது, முதுகெலும்பு போய்விடும். கார் விரிப்பை எடுத்து அதன்மேல் ஏற்றி இழுப்பதுதான் எங்கள் வழி. அடிபட்டிருந்தால் பீற்றர்பரோப் பக்கத்தில் ஒன்ராறியோ ஆமைப் பாதுகாப்பு நிலையம் இருக்கிறது. ஓடு உடைந்த ஆமையையும் ஒட்டித் தேற்றிவிடுகிறார்கள்.

தூண்டில் பெட்டியில் பழைய ஈயக்குண்டு இருந்தால் இந்த வருசம் மாற்றுங்கள். லூன் இரை செரிக்க ஏரியடியில் சின்னக் கல்லைப் பொறுக்கி விழுங்கும். அறுந்து விழுந்த ஈயக்குண்டும் அதற்குக் கல்தான். ஒன்று போதும், சில கிழமைக்குள் சாகும். தேசியப் பூங்காக்களில் 1997 முதல் சின்ன ஈயக்குண்டுக்குத் தடை. கவார்தாவில் அப்படித் தடையில்லை, ஆனால் லூன் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். வெள்ளீயக்குண்டு கொஞ்சம் விலை கூட, அவ்வளவே.

சட்டி யார் பக்கம்?

மாமியின் வாக்கு இல்லாமல் எங்கள் வீட்டில் எதுவும் தீர்மானமாகாது. யாழ்ப்பாணத்துக் கடல்மீன் நாக்கு அவருடையது. குளத்து மீன் என்றால் "சேறு மணக்கும்" என்று மூக்கைப் பிடிப்பார். முதல் வருசம் கிராப்பியை முழுசாக, செதில் கழற்றிக் கீறி, மிளகாய்த்தூளும் மஞ்சளும் உப்பும் தேசிக்காயும் பூசி முறுகப் பொரித்து, பெயரைச் சொல்லாமல் வைத்தோம். மூன்று தின்றபிறகு "இது என்ன, சின்ன விளைமீனோ?" என்றார். குளிர்த் தண்ணீர் மீனில் சேற்று மணம் இல்லை. பேர்ச்சும் அப்படியே பொரியலுக்குத்தான். பிக்கரல் வெள்ளைச் சதை, முள் குறைவு, பால்கறிக்கும் சொதிக்கும் கேட்கும். ட்ரவுட் எண்ணெய்ச் சதை. தணலில் வாட்டினால் தேவாமிர்தம், புளிக்குழம்பில் போட்டால் எனக்குப் பிடிக்கவில்லை. மச்சானுக்குப் பிடிக்கும்.

பெரிய பிக்கரல், பெரிய லேக் ட்ரவுட் போன்ற மற்ற மீனைத் தின்று வளர்ந்தவற்றில் பாதரசம் சேரும். ஏரிவாரியாக, அளவுவாரியாக மாதத்துக்கு எத்தனை வேளை தின்னலாம் என்று மாகாண அரசு வழிகாட்டி ஒன்றை இணையத்தில் வைத்திருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கணக்கு வேறு. சின்னக் கிராப்பியிலும் பேர்ச்சிலும் இந்தத் தலையிடி குறைவு.

ஆக என் தீர்ப்பு இப்படி. சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும், ஒரே ஒரு நாள் லீவும் உள்ள வீடு என்றால் அன்னையர் தினத்துக் கவார்தா. வேறு யோசிக்க வேண்டாம். தூண்டிலை இரண்டாம் பட்சமாக்கி மிருகம் பார்க்க ஆசைப்பட்டால் மே கடைசியில் அல்கோன்குவின், தலையில் பூச்சிவலை போட்டுக்கொண்டு. நாள் அனுமதியை ஐந்து நாள் முன்னமே இணையத்தில் எடுக்கலாம், விடியமுன் 60ஆம் நெடுஞ்சாலையில் நில்லுங்கள். ட்ரவுட் வெறி பிடித்த இரண்டு மூன்று பெடியள் என்றால் ஐஸ் போன செய்தி வந்த அடுத்த நாளே. விக்டோரியா டேக்கு வீட்டில் இருந்து தோட்டத்தைக் கொத்துங்கள்.

இந்தமுறை மூன்றுக்கு ஒன்று என்று என் பக்கம் வென்றது. மனைவி ஒரு நிபந்தனை வைத்தாள். அளவுக் கட்டுப்பாடு உள்ள பிக்கரலை ஏரிக்கரையில் துண்டு போடக்கூடாது, வழியில் அதிகாரி மறித்தால் அளந்து பார்க்கக்கூடியபடி முழுசாகவே வீட்டுக்கு வர வேண்டும். அதாவது ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அன்னையர் தினத்தன்று, ஒரு பெட்டி ஐஸும் நாற்பது கிராப்பியும் எங்கள் குசினிக்குள் வந்து இறங்கும். போன வருசம் அதைச் சுத்தம் செய்தது யார் என்று எல்லாருக்கும் தெரியும். இந்த வருசம் மீன் வெட்டுகிற கத்தி இரண்டு புதிதாக வாங்கியிருக்கிறேன், ஒன்று எனக்கு, ஒன்று மச்சானுக்கு.